இருட்டு ஃப்ளாட்

பில்டர் ஞானவேலின் முதல் மாடி ஃப்ளாட் இருட்டாக இருந்ததால் யாருமே வாங்கவில்லை.

"மிச்சம் கிடக்கிற பெயிண்ட்டை வெச்சுச் சரிபண்ணு. வித்தாத்தான் கூலி" என்றார் அவர், பெயிண்டர் அஞ்சுகத்திடம்.

அவள் சுவரெல்லாம் வெள்ளையடித்து, அவர் வீட்டில் கழித்துப்போட்ட பீரோக் கண்ணாடியை ஜன்னலுக்கு எதிரே மாட்டினாள். வீடு பளிச்சென்று ஆகிவிட்டது.

பார்க்க வந்த தம்பதிக்கு உடனே பிடித்துப்போனது. ஞானவேலுக்கோ வயிறு எரிந்தது. ஐந்தாம் மாடியில் அவர் குடியிருக்கும் வீட்டில்கூட இந்த அழகு இல்லையே!

"இதை விக்கலை. நானே குடிவரப்போறேன்" என்றார்.

தம்பதியின் முகம் வாடியது.

"கவலைப்படாதீங்க" என்றாள் அஞ்சுகம். "அப்ப சாரோட அஞ்சாம் மாடி வீடு காலியாகுது. இதைவிடப் பெரிசு. இதே விலைக்குக் கேளுங்க. வேண்டாத வீட்டை வெச்சுக்கிட்டு அவர் என்ன பண்ணுவார்?"

"சார், இப்பவே மேலே போய்ப் பார்க்கலாமா?" என்றார் கணவர்.

ஞானவேல் அவசர அவசரமாக முதல் மாடிச் சாவியை நீட்டினார். "வேண்டாங்க, இதையே எடுத்துக்குங்க!"