நிழல் விழாத பொண்ணு

பி.எட். படிக்கிற செவ்வந்திக்கு அன்னைக்கு அறிவியல் பாடம் நடத்திக் காட்டுற பரீட்சைங்க. கொட்டுன மழையில பள்ளிக்கூடத்துக்கு ஒரு புள்ளகூட வரல. கரண்டும் போச்சு. மேசைமேல ஒத்த மெழுகுவத்தி எரியுது.

மார்க் போட வந்த பேராசிரியர் தணிகாசலம் முன்பெஞ்சுல உக்காந்து, "க்ர்ர்ஹூம்!"னு கனைச்சாரு. "நல்ல டீச்சருன்னா காலி பெஞ்சுகூட கேள்வி கேக்கணும்மா! பெஞ்சுல இருந்து ஒரு கேள்வி வரட்டும். வரலன்னா ஃபெயிலு, ஒரு வருசம் கழிச்சு வா."

செவ்வந்தி அசரல. நிழல் பாடத்த ஆரம்பிச்சா. "வெளிச்சத்த எது மறைச்சாலும் பின்னாடி நிழல் விழும்." திடீர்னு கடைசி பெஞ்சப் பாத்து, "எந்திரிம்மா"ன்னா. கொஞ்ச நேரம் உத்துப் பாத்தா. அப்புறம் மெதுவா, "இவ நிக்கிறா, சுவத்துல நிழலக் காணோமே"ன்னா.

சாருக்குக் கழுத்து திரும்ப மாட்டேங்குது. பெஞ்சக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டு, "ஏ... ஏம்மா நிழல் விழல?"ன்னாரு.

"பெஞ்சுல இருந்து கேள்வி வந்துருச்சு சார்! மார்க்கப் போடுங்க!"

திரும்பாமலே மார்க்கப் போட்டாரு. "அப்ப... அங்க யாருமில்லதானம்மா?"

"நீங்களே திரும்பிப் பாத்துச் சொல்லுங்க சார்."

மனுசன் குடையக்கூட எடுக்காம மழையில ஓடுனாரு.