இரண்டுக்கும் சைபருக்கும் நடுவில்

திருப்பூரில் ஒரு வீட்டு அலமாரிக்குள் ஓர் ஆல்பம் குடியிருந்தது. அந்த ஆல்பத்துக்குள் உலகத்து நோட்டுகள் எல்லாம் குடித்தனம் நடத்தின. கண்ணாடித் தாள் உறைக்குள் ஆளுக்கு ஓர் அறை. வாடகை கிடையாது, வேலை கிடையாது, வாய்க்கு மட்டும் ஓய்வே கிடையாது.

முதல் பக்கத்தில் ஜிம்பாப்வே நோட்டு. ஒன்று போட்டு அதற்குப் பின்னால் பதினாலு சைபர். கோடியைக் கோடியால் பெருக்கினால் என்ன வருமோ அது. "ஊரிலே இருந்தப்போ என்னை நீட்டினா டீக்கடைக்காரன் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். இங்கே வந்த பிறகுதான் மரியாதை" என்று தானே சொல்லித் தானே சிரிக்கும். வெட்கம் என்பதே அதற்கு இல்லை.

கடைசிப் பக்கத்தில் அமெரிக்க நோட்டு, இருபது டாலர். அமெரிக்காவில் ஊருக்கு ஊர் ஒரு தனியார் வங்கி தன் பெயரிலேயே நோட்டு அடித்துக்கொண்டிருந்த காலத்துச் சரக்கு அது. இடது பக்கம் ஆற்றில் புகை விட்டுப் போகும் கப்பல், வலது பக்கம் கதிர்க்கட்டோடு ஒரு பெண், நடுவில் கொட்டை எழுத்தில் 20. நல்ல லட்சணமான நோட்டுதான். ஆனால் அந்த 2-க்கும் 0-க்கும் நடுவே மேலிருந்து கீழ்வரை நீல நூலால் ஒரு தையல் ஓடியது.

தையலுக்குக் காரணம் இருந்தது. அந்தக் காலத்தில் தபாலில் பணம் அனுப்பினால் பாதி வழியில் திருடிக்கொண்டு போய்விடுவார்கள். அதனால் நோட்டைக் குறுக்கே கத்தரித்து ஒரு பாதியை முதலில் அனுப்புவார்கள். வந்து சேர்ந்தது என்று பதில் வந்த பிறகுதான் மறுபாதி கிளம்பும். நடுவில் ஒன்றைத் திருடினாலும் திருடனால் அதைக் கொண்டு ஒரு ரொட்டி வாங்க முடியாது.

ஒரு மாவு வியாபாரி அப்படித்தான் இந்த நோட்டை வெட்டி அனுப்பினான். வாங்கிக்கொண்ட வீட்டுக்காரி, கணவன் சட்டைக்குப் பித்தான் தைத்தது போக மிச்சமிருந்த நீல நூலால் இரண்டையும் சேர்த்துத் தைத்தாள். மாற்றப் போனால் வங்கிக் கதவில் பூட்டு தொங்கியது. வங்கி திவாலாகிவிட்டிருந்தது. நோட்டுக்கு அன்றோடு வேலை போயிற்று. நூலுக்கு மட்டும் வேலை விட்டபாடில்லை.

ஏனென்றால் அந்த இரண்டு பாதிகளுக்கும் ஒரு நாளும் ஒத்துப்போனதில்லை.

"நான் இரண்டு. பக்கத்திலே ஒட்டிக்கிட்டு இருக்கிறது வெறும் சைபர். என் தலையெழுத்து" என்று ஆரம்பிக்கும் இடப்பாதி.

"ஓகோ. இந்தச் சைபர் இல்லேன்னா நீ யாரு? ரெண்டு. இரண்டணா கணக்கு. உன்னை இருபதாக்கி உட்கார வச்சதே நான்தான். வங்கித் தலைவர் கையெழுத்துப் போட்டதும் என் மேலேதான்" என்று பதில் கொடுக்கும் வலப்பாதி.

கொஞ்ச நேரம் கழித்து இரண்டும் சேர்ந்துகொண்டு நூலின் மேல் பாயும். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் நல்ல ஒற்றுமை.

"உன்னாலேதான் நாங்க அசிங்கமாத் தெரியறோம். நீ விட்டுத் தொலைஞ்சா ஆளுக்குப் பத்து டாலரா நிம்மதியா இருப்போம்."

"கணக்கு நல்லாத்தான் இருக்கு. ஆனா உங்களை வெட்டினவன் அந்தக் கணக்கைப் போடலியே" என்று நூல் சிரித்துக்கொண்டே பேச்சை மாற்றிவிடும். அதற்குக் கோபம் வராது. பயம் மட்டும் உண்டு. வயதாகி இற்றுக்கொண்டு வந்தது அந்த நூல். தான் அறுந்துபோனால் இந்த இரண்டும் ஒன்றுக்கும் ஆகாது என்பது அதற்குத் தெரியும். இரண்டுக்கும் தெரியவில்லை, அதுதான் அதன் கவலை.

ஆல்பத்தின் சொந்தக்காரர் பொன்னுசாமி, பனியன் கம்பெனி வைத்திருந்தவர். சரக்கு வாங்க வந்த அமெரிக்கக்காரர் ஒருவர், இவருக்கு இருக்கும் நோட்டுப் பைத்தியத்தைப் பார்த்துவிட்டு அடுத்த தடவை வரும்போது இந்த இருபது டாலரைக் கொண்டுவந்து கொடுத்தார். பொன்னுசாமிக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவர் சென்னியப்பன், இளையவர் தண்டபாணி, நடுவில் வசந்தாமணி என்று ஒரு பெண்.

பெரியவர் கண்ணை மூடினதும் பாகப்பிரிவினை வந்தது. மிஷின்களைப் பிரித்தார்கள். வீட்டின் குறுக்கே சுவர் வைத்தார்கள். கறிவேப்பிலை மரம் அண்ணன் பக்கம் நின்றது, அதன் இலையெல்லாம் தம்பி பக்கம் கொட்டியது. அதற்கும் ஒரு சண்டை. இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை அறுந்தது. வசந்தாமணி தனக்கென்று எதுவும் கேட்கவில்லை. அண்ணனும் தம்பியும் தனித்தனியாக அவள் வீட்டுக்கு வந்து காப்பி குடித்துவிட்டு, ஒருவரைப் பற்றி ஒருவர் திட்டிவிட்டுப் போவார்கள். அவள் அவர் சொன்னதை இவரிடம் சொன்னதில்லை, இவர் சொன்னதை அவரிடம் சொன்னதில்லை.

கடைசியில் ஆல்பம் ஒன்றுதான் மிச்சம். வசந்தாமணி வீட்டுக் கூடத்தில் வைத்துப் பிரித்தார்கள். ஒரு பக்கம் அண்ணனுக்கு, ஒரு பக்கம் தம்பிக்கு. ஜிம்பாப்வே தம்பி பங்குக்குப் போனது. ஒற்றையாக மிஞ்சியது அமெரிக்கா.

"இது எனக்கு. மூத்தவனுக்குத்தான் வரோணும்" என்றார் சென்னியப்பன்.

"நீங்க பண்றது அநியாயமுங்கண்ணா. அப்பா ஆஸ்பத்திரியில இருக்கையில இதை என்ற கையிலதானுங்க குடுத்தாரு" என்றார் தண்டபாணி. அந்த ஊர்ப்பக்கம் அடிதடியே நடந்தாலும் இந்த 'ங்க' மட்டும் விட்டுப்போகாது.

"பழைய நோட்டு வாங்கி விக்கற கோயமுத்தூர் ஹபீப் பாய்கிட்ட போன் போட்டுக் கேட்டேன். இது ஒண்ணு மட்டும் நல்ல விலைக்குப் போகும்னு சொன்னாரு. அதை உனக்குத் தூக்கிக் குடுக்க நான் என்ன கேணையனா?"

"நானுந்தானுங்க கேட்டேன்."

சென்னியப்பன் நோட்டை உறையிலிருந்து எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். நீல நூலின் நுனி கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. திருப்பூர்க்காரர் கண்ணில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் பட்டால் கை சும்மா இருக்காது. ஒரு பனியனில் ஒரு பிசிறு தொங்கினால் பெட்டியோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்திலேயே பிழைத்த ஊர் அது. பிசிறு வெட்டும் சின்னக் கத்தரி எப்போதும் அவர் சட்டைப் பையில் இருக்கும்.

"இது ஏற்கெனவே ரெண்டு துண்டுதான். நடுவுல யாரோ சீலைக்குத் தைக்கிற மாதிரி தைச்சு வச்சிருக்கறாங்க. எடுத்துட்டா ஆளுக்குப் பாதி" என்றார்.

"செய்யுங்க" என்றார் தம்பி.

"அண்ணா, அது என்ன வேட்டியா கிழிச்சுக் கட்டறதுக்கு? விட்டிருங்க. ரெண்டு பேரும் ஆறு ஆறு மாசம் வச்சுக்குங்க" என்று வசந்தாமணி குறுக்கே வந்தாள்.

"நீ சும்மா இரு அம்மிணி."

இடப்பாதியும் வலப்பாதியும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தன. இத்தனை காலமாகக் கேட்ட விடுதலை வாசல் வரை வந்துவிட்டது. நூல் விடவில்லை. "கடைசியா ஒரு தடவை யோசிச்சுக்கோங்க. பத்து டாலர் கணக்கெல்லாம் நடக்காது" என்றது.

"எல்லாம் நடக்கும். நீ இடத்தைக் காலி பண்ணு" என்றன இரண்டும் ஒரே குரலில்.

கத்தரி மேலிருந்து கீழே தையல் தையலாகக் கொத்திக்கொண்டே வந்தது. நூல் துண்டு துண்டாகத் தரையில் விழுந்தது. அண்ணன் 2-ஐச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். தம்பி 0-வைப் பர்ஸில் வைத்துக்கொண்டார். இருவரும் ஆளுக்கொரு வாசல் வழியாகக் கிளம்பிவிட்டார்கள். விளக்குமாற்றை எடுக்கப் போன வசந்தாமணி என்ன நினைத்தாளோ, குனிந்து அந்த நீலத் துண்டுகளைப் பொறுக்கித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

கைப்பைக்குள் கிடந்த நூலுக்கு முதல் தடவையாக ஓய்வு கிடைத்தது. அந்த ஓய்வு அதற்குப் பிடிக்கவே இல்லை. அந்தச் சண்டைச் சத்தம் கேட்காமல் தூக்கம் வரவில்லை.

அடுத்த வாரம் கோயம்புத்தூரில் நாணயக் கண்காட்சி. "விலை பேச எனக்கு வராது, நீயும் கூட வா அம்மிணி" என்று அண்ணன் கேட்டார். "வாறேனுங்கண்ணா" என்றாள். "அக்கா, நீயும் வந்தீன்னா பாய் ஏமாத்த மாட்டாரு" என்று தம்பி கேட்டார். அவரிடமும் "வாறேன் தம்பி" என்றாள். ஒருவர் வருவது இன்னொருவருக்குத் தெரியாது. அண்ணனோடு காரில் போய் இறங்கினாள், தம்பியை நேராக ஹபீப் பாய் மேஜைக்கே வரச் சொல்லியிருந்தாள்.

ஹபீப் பாய் இடுக்கியால் இடப்பாதியை எடுத்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, திரும்ப மேஜையில் வைத்துவிட்டார்.

"மீதி எங்கீங்க?"

"மீதி தம்பிகிட்ட. என்ற பங்கு இது. இதுக்குப் பாதி விலை போட்டுக் குடுங்க."

"இதுக்கு என்னத்தைங்க விலை போடறது?"

"இருபதுல பாதி பத்துதானுங்க பாய்?"

"இருபதுல பாதி பத்துதானுங்க. இருபது டாலர் நோட்டுல பாதி வெறுங் காகிதமுங்க."

இடப்பாதிக்கு முகம் செத்துப்போனது. அந்த நேரம் பார்த்துத் தண்டபாணி வந்து நின்றார். அண்ணனைப் பார்த்தார், அக்காவை முறைத்தார், திரும்பிப் போகவும் முடியாமல் தன் பங்கை எடுத்து மேஜையில் வைத்தார். கூடவே விற்பதற்கு ஜிம்பாப்வேயையும் வைத்தார்.

ஜிம்பாப்வே இரண்டு பாதிகளையும் மாறி மாறிப் பார்த்தது. "என்கிட்டே பதினாலு சைபர் இருக்கு. முன்னாடி ஒரு ஒண்ணு நிக்கிறதாலே ஏதோ காலம் ஓடுது. உனக்கு முன்னாடி யாரப்பா?" என்று வலப்பாதியைக் கேட்டது. பிறகு இடப்பாதியிடம், "ரெண்டு ரெண்டுன்னு குதிச்சியே, பாய் ரெண்டு ரூபாயாவது தந்தாரா?" என்றது.

ஹபீப் பாய் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் தள்ளி வைத்தார். வெட்டு விளிம்பு பொருந்தியது. ஓரமெல்லாம் ஊசி போன ஓட்டைகள்.

"போன்ல தையலோட இருக்குதுன்னுதானுங்க சொன்னீங்க? இந்த மாதிரி வெட்டி அனுப்பின நோட்டு அப்பப்போ சந்தைக்கு வரும். அந்தக் காலத்து நூலோட அப்படியே இருக்கறது வாறதே இல்லீங்க. நான் விலை சொன்னதே அந்த நூலுக்குத்தானுங்க. அது எங்கே?"

சென்னியப்பன் தன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கத்தரி அங்கேதான் இருந்தது. கண்ணை எங்கே வைப்பது என்று தெரியவில்லை அவருக்கு. வசந்தாமணி கைப்பையைத் திறந்து நீலத் துண்டுகளை உள்ளங்கையில் எடுத்துக் காட்டினாள். பாய் தலையை ஆட்டினார். "இனி ஒண்ணும் பண்றதுக்கு இல்லீங்கக்கா" என்றார்.

தனக்குத்தான் விலை என்று கேட்டதும் நூலுக்குப் பெருமை வந்திருக்க வேண்டும். வரவில்லை. பக்கத்தில் பக்கத்தில் கிடந்தும் ஒன்றையொன்று தொட முடியாமல் கிடந்த அந்த இரண்டையும் பார்த்து அதற்கு அழுகைதான் வந்தது.

"நீ சொன்னப்போ நாங்க கேக்கலே" என்றது இடப்பாதி மெல்ல.

"நான்தான் முதல்லே கேக்கலே" என்றது வலப்பாதி. அதிலும் ஒரு போட்டி.

வசந்தாமணி நீலத் துண்டுகளைப் பத்திரமாகப் பைக்குள் போட்டுவிட்டு, ஊசியும் வெள்ளை நூலும் எடுத்தாள். அவர்கள் அப்பா கம்பெனியில் பனியன் தைத்த நூல். "ரெண்டு பேரும் உங்க உங்க பாதியைப் புடிங்க" என்றாள்.

"அக்கா, தைச்சீங்கன்னா மிச்சமிருக்கற மதிப்பும் போயிருமுங்க" என்று பாய் பதறினார்.

"போகட்டுங்க பாய்."

அண்ணன் ஒரு பாதியைப் பிடித்தார், தம்பி ஒரு பாதியைப் பிடித்தார். இருந்த ஒரே நாற்காலியில் வசந்தாமணி உட்கார்ந்துகொண்டதால் இரண்டு பேரும் மேஜைமேல் குனிய வேண்டியதாயிற்று. தலையும் தலையும் முட்டியது.

"கொஞ்சம் கீழே இறக்கு."

"நீங்க மேலே தூக்குங்கண்ணா. கப்பல் சாயுதுங்க."

"ஒண்ணுந் தெரியலடா. கண்ணாடியை வீட்டுல வச்சுட்டு வந்துட்டேன்."

"இருங்க, என்ற கண்ணாடியைப் போட்டுக்குங்க."

புது நூல் பழைய ஓட்டைகளிலேயே நுழைந்து நுழைந்து இறங்கியது. பாதி தூரம் போவதற்குள் காதில் விழ ஆரம்பித்துவிட்டது: "மெதுவாப் போ, என்னோட ரெண்டு கசங்குது." "உன் ரெண்டை யார் கேட்டா, என் சைபரைப் பாரு."

"இதுங்க எப்பவுமே இப்படித்தானா?" என்று புது நூல் கைப்பையைப் பார்த்துக் கேட்டது.

"நான் வந்த நாள்லேருந்து" என்றது பழைய நூல். அதன் குரலில் சந்தோஷம் தெரிந்தது.

வசந்தாமணி முடிச்சுப் போட்டாள். நுனி கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தது. சென்னியப்பனின் கை தன்னாலே சட்டைப் பைக்குப் போனது, பாதியிலேயே திரும்பி வந்தது.

"இப்ப இது என்ன விலைக்குப் போகுமுங்க பாய்?" என்று தண்டபாணி கேட்டார்.

"சும்மா குடுத்தாலும் எவனும் வாங்க மாட்டானுங்க."

"அப்பச் சரி" என்றார் சென்னியப்பன். "வீட்டுலயே இருக்கட்டும்."

"யாரு வீட்டுலீங்க?" என்றார் தண்டபாணி.

புது நூல் தன் முடிச்சை ஒரு தடவை இறுக்கிக்கொண்டது.