மணல் திட்டு நண்டும் நாலு பழமும்

ஒரு காட்டு ஓடையின் இக்கரையில் துள்ளி என்ற முயலும் கோடன் என்ற அணிலும் இருந்தன. அக்கரையில் ஈட்டியன் என்ற முள்ளம்பன்றியும் சாம்பன் என்ற கீரியும் இருந்தன. நாலும் நண்பர்கள். ஓடையின் குறுக்கே விழுந்து கிடந்த மரத்தின் மேல் நடந்து தினமும் சந்தித்துக்கொள்ளும். அந்த வருட மழை வெள்ளம் மரத்தை அடித்துக்கொண்டு போய்விட்டது.

நண்பர்கள் தவித்துப் போனார்கள். அவர்களுக்குப் பிடித்தது கதையாட்டம். ஈட்டியன் கதை சொல்லும். மற்ற மூவரும் ஆளுக்கொரு வேஷம் எடுத்து, அடுத்து என்ன செய்வோம் என்று சொல்வார்கள். கண்ணியில் மாட்டித் துள்ளிக்கு ஒரு பின்னங்கால் போயிருந்தது. நிஜத்தில் நொண்டி நடக்கும் துள்ளி, ஆட்டத்தில் மட்டும் குதிரை வீரனாக மலை தாண்டிப் பறக்கும்.

ஓடையின் நடுவே ஒரு மணல் திட்டு இருந்தது. அங்கே வளையன் என்ற நண்டு வாழ்ந்தது. நண்பர்கள் கரைக்குக் கரை கத்திப் பேசுவதைக் கேட்ட வளையன், ஈர மணலில் தன் கால்களால் மலையும் கோட்டையும் வரைந்து காட்டியது. மூன்று புங்கங்கொட்டைகளை மூன்று வேஷங்களாக வைத்து, அவரவர் சொன்னபடி நகர்த்தியது. இரண்டு கரையிலிருந்தும் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. ஆட்டம் மறுபடி தொடங்கியது.

ஓர் ஆட்டத்துக்கு ஓர் அத்திப்பழம் கூலி. வளையனுக்கு அது வயிறு நிறையப் போதும். யாராவது ஒருவர் திட்டுக்குப் பழத்தை வீசிவிடுவார்கள். ஒரு குறையும் இல்லாமல் நடந்தது.

ஒரு நாள் வளையன் யோசித்தது. இவர்களால் ஒரு நாள்கூட ஆட்டம் இல்லாமல் இருக்க முடியவில்லை. இனி ஆளுக்கு ஒரு பழம் என்று சொல்லிவிட்டது.

"நீ வரைவது ஒரே படம்தானே? ஒருவர் பார்த்தாலும் நாலு பேர் பார்த்தாலும் உனக்கு வேலை ஒன்றுதானே?" என்று கேட்டது ஈட்டியன்.

"எத்தனை பேர் பார்க்கிறீர்களோ அத்தனை பழம். பிடிக்காதவர்கள் பார்க்க வேண்டாம்" என்றது வளையன்.

பழங்கள் குறைந்துவரும் காலம் அது. அக்கரையில் ஆளுக்கொரு பழம் தேடவே ஈட்டியனுக்கும் சாம்பனுக்கும் பாதி நாள் போயிற்று. மரம் ஏறவும் தூரம் நடக்கவும் முடியாத துள்ளிக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அதைச் சொல்ல அதற்குக் கூச்சம். ஆட்டம் சலித்துவிட்டது என்று சொல்லி வளைக்குள் இருந்துகொண்டது.

கோடனுக்குப் புரிந்துவிட்டது. மறுநாள் வளை வாசலுக்கு வந்து, "கால் இல்லாதவர்களுக்குப் பழம் வேண்டாம் என்று நண்டு சொல்லிவிட்டது. நீ வா" என்றது. துள்ளி அதை நம்பி வந்தது. வந்த வேகத்தில் அன்று ஆட்டத்தில் இரண்டு மலைகளைத் தாண்டியது.

அன்றிலிருந்து துள்ளி கரைக்கு வருமுன்பே கோடன் இரண்டு பழங்களை வீசிவிடும். வளையனால் அத்தனையும் தின்ன முடியவில்லை. மிச்சம் மணலிலேயே அழுகியது. ஆனாலும் அது விலையைக் குறைக்கவில்லை.

இக்கரையில் பக்கத்து மரங்களில் பழம் தீர்ந்தது. மிச்சம் இருந்தது பாறை மேட்டு அத்தி மட்டும். அதன் உச்சியில் வல்லூறு கூடு கட்டியிருந்தது. கோடன் அங்கே போகத் தொடங்கியது.

ஒரு நாள் கோடன் கரைக்கு வரவில்லை. துள்ளி காத்திருந்தது. அக்கரையில் ஈட்டியன் மட்டும் இருந்தது.

"இன்றைக்கு உன் பழம் வரவில்லையே" என்றது வளையன்.

"எனக்குத்தான் வேண்டாம் என்றாயே?"

"நான் எப்போது சொன்னேன்? அணில்தான் தினமும் உனக்கும் சேர்த்து வீசியது."

அப்போது அக்கரையில் சாம்பன் மூச்சிரைக்க ஓடி வந்தது. பாறை மேட்டிலிருந்து வல்லூறு எழும்பியதைப் பார்த்ததாகச் சொன்னது. வல்லூறின் காலில் ஓர் அணில் வால் தொங்கியதாம்.

துள்ளி அதன்பிறகு கரைக்கு வரவேயில்லை. வளையன் சில நாள் தனியாக மணலில் கோட்டை வரைந்து பார்த்தது. பழமே வேண்டாம், ஆட வாருங்கள் என்று அக்கரையைப் பார்த்துக் கூப்பிட்டது. யாரும் வரவில்லை. கடைசியில் தண்ணீரைக் கடந்து துள்ளியின் வளை வாசலுக்குப் போய், தன்னை மன்னிக்கச் சொன்னது.

உள்ளேயிருந்து துள்ளி பேசியது. "நீ கூலி கேட்டது தப்பில்லை. உழைத்தவன் சாப்பிட வேண்டும். உன் வயிற்றுக்கு எவ்வளவு போதும் என்று உனக்குத் தெரியும். எங்களால் எவ்வளவு முடியும் என்று ஒரு நாளாவது கேட்டாயா?"

வளையன் திட்டுக்குத் திரும்பிப் போனது.

கோடையில் ஓடை வற்றியது. ஈட்டியனும் சாம்பனும் நடந்தே இக்கரைக்கு வந்தார்கள். மூவரும் வளை வாசலில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். "ஏதாவது ஒரு கதை சொல்லேன்" என்றது சாம்பன். ஈட்டியன் ஒரு முறை பாறை மேட்டைப் பார்த்தது. பிறகு, "நாளைக்குப் பார்க்கலாம்" என்றது.

தன் உழைப்புக்கு எது போதும் என்பதோடு, வாங்குபவரால் எது முடியும் என்பதையும் பார்த்து வைப்பதே நியாயமான விலை.