கவிராயரின் எந்த மனைவி இறந்தாள்?

நெடுங்கோட்டை அரசர் வீரமல்லருக்கு மனைவி என்றால் உயிர். அந்த அரசி திடீரென்று காய்ச்சலில் போய்விட்டாள். அரசர் சபைக்கு வருவதில்லை, சரியாகச் சாப்பிடுவதில்லை, அழுவதும் இல்லை. கல்லைப்போல உட்கார்ந்திருந்தார். அரண்மனையே பயந்துபோயிற்று.

அப்போதுதான் ஆஸ்தானப் புலவர் மகுடேசக் கவிராயர் ஒரு பாட்டோடு வந்தார்.

"இரண்டு இலை போடுகிறேன், ஒன்றை எடுக்கிறேன்;
என்னவளே, நீ போன சேதி
என் கைக்கு இன்னும் எட்டவில்லை."

அரசர் விம்மி விம்மி அழுதார். அழுது முடித்துச் சோறு கேட்டார். மறுநாள் சபைக்கும் வந்துவிட்டார்.

"கவிராயரே, இது கற்பனையா, பட்டதா?" என்று கேட்டார்.

கற்பனை என்று சொல்லியிருந்தால் பிழைத்திருப்பார். பரிசு பெரிதாக வேண்டுமே!

"பட்டதுதான் அரசே! என் சொந்தத் துயரம். படாதவனுக்கு இந்த வரி வருமா?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அப்படியானால் ஆற்றங்கரைத் தோப்பு உமக்கே!"

சபையில் இருந்த விகடகவி கூத்தையனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் பாட்டை அவன் முன்பே கேட்டிருக்கிறான். குதிரை லாயத்தில், குதிரை வைத்தியர் சாத்தையா தமக்குத்தாமே முணுமுணுத்த பாட்டு அது. அவர் மனைவி பேச்சி போன வருஷம் இறந்திருந்தாள்.

"அரசே, இது சாத்தையாவின் பாட்டு" என்றான் கூத்தையன்.

கவிராயர் சிரித்தார். "நான் பாடியதைக் கேட்டு அவன் பாடியிருப்பான். நல்ல பாட்டு நாலு பேர் வாயில் போகத்தானே செய்யும்?"

இதற்கு என்ன சாட்சி காட்டுவது? கூத்தையன் கொஞ்சம் யோசித்தான். பிறகு கைகூப்பினான்.

"மன்னிக்க வேண்டும் கவிராயரே. தவறு என்னுடையது. இவ்வளவு பெரிய துயரம் உங்களுக்கு வந்திருக்கிறது, நாங்கள் யாரும் துக்கம் விசாரிக்கக்கூட வரவில்லையே!"

அரசர் பதறி எழுந்தார். "ஐயோ, ஆமாம்! எனக்கு ஆறுதல் சொன்னவரின் துக்கத்தை நான் கேட்கவே இல்லை. எல்லாரும் புறப்படுங்கள், இப்போதே போவோம்!"

"வேண்டாம் அரசே, வெயில்..." என்றார் கவிராயர். யார் காதில் விழுந்தது?

கவிராயர் வீட்டு வாசலில் அவர் மனைவி உலகம்மை வற்றல் காயவைத்துக்கொண்டிருந்தாள். அரசரும் சபையும் தலையைக் குனிந்துகொண்டு வருவதைப் பார்த்துத் திகைத்தாள்.

"யாருக்கு என்ன ஆச்சு?"

"அம்மா, மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள்" என்றான் கூத்தையன். "கவிராயரின் மனைவி இறந்ததற்குத் துக்கம் கேட்க வந்தோம்."

"மனைவியா? அது நான்தானே?"

"நீங்கள் நன்றாகத்தான் இருக்கிறீர்கள். ஆனால் 'என்னவளே, நீ போனாயே' என்று ஐயா அரசர் முன்னால் உருகி உருகிப் பாடினார். சொந்தத் துயரமாம்."

உலகம்மை கையிலிருந்த முறத்தைக் கீழே போட்டாள். இடுப்பில் சேலையைச் செருகினாள். கணவர் பக்கம் திரும்பினாள்.

"யாரு அவ? எந்த ஊர்க்காரி? எத்தனை வருஷமா நடக்குது?"

கவிராயர் அரசரைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். அரசர் கோபமே தேவலை என்று தோன்றியது போலும், தடாலென்று அரசர் காலில் விழுந்தார்.

"சத்தியமா எனக்கு வேற பெண்டாட்டி இல்லை! பாட்டே என்னுது இல்லை! சாத்தையாவோடது!"

அரசி போனபின் அரசர் அன்றுதான் வாய்விட்டுச் சிரித்தார்.

சாத்தையாவை அழைத்து வந்து நடந்ததைச் சொன்னார்கள்.

"உன் பாட்டை எடுத்துக்கொண்டாரே, உனக்கு வருத்தம் இல்லையா?" என்று அரசர் கேட்டார்.

"பாட்டு போனா போகட்டும் மகாராசா. அழுகிறவங்களுக்கு அது உதவினா சந்தோசம்தான். ஆனா அதுல இருக்கிறவ என் பேச்சி. அவளை இன்னொருத்தர் தன் பெண்டாட்டின்னு சொன்னதுதான் பொறுக்கலை."

அரசர் ஆற்றங்கரைத் தோப்பைச் சாத்தையாவுக்குக் கொடுத்தார். "கவிராயரே, இனி ஊரில் எந்த வீட்டில் துக்கம் என்றாலும் நீர் போய் இந்தப் பாட்டைப் பாட வேண்டும். 'பேச்சிக்காகச் சாத்தையா பாடியது' என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும்!"

திரும்பும்போது அரசர் கேட்டார்: "கூத்தையா, இந்த மனிதருக்குச் சொந்தமாக எதுவுமே கிடையாதா?"

வீட்டுக்குள்ளிருந்து உலகம்மை கவிராயரைத் திட்டும் குரல் தெருக்கோடி வரை கேட்டது.

"ஏன் இல்லை அரசே? இப்போது வாங்கிக் கட்டிக்கொள்கிறாரே, அது முழுக்க முழுக்க அவருக்கே சொந்தம்!" என்றான் கூத்தையன்.