பவுனு கேட்ட ஒற்றை விளக்கு

ஓடைக்கரைக் காட்டில், ஒரு புங்கமரத்தடி வளையில் சடையன் என்ற பெருச்சாளி குடியிருந்தான். அவன் பெண்சாதி பவுனு. நண்டும் சிண்டுமாக நாலு குட்டிகள்.

வளைக்குள் எந்நேரமும் இருட்டு. அதனால் அந்தக் காட்டில் எல்லாரும் மின்மினிகளைத்தான் விளக்காக வைத்துக்கொள்வார்கள். மின்மினிகளை வீட்டுக்கு வீடு அனுப்புவது நாவல்மரத்துக் காக்கா. விளக்கு எவ்வளவு நேரம் எரிந்ததோ அவ்வளவுக்குக் கூலி. அமாவாசைக்கு அமாவாசை காக்கா வந்து நிற்கும். தானியமாக அளந்துவிட வேண்டும். அதில் மின்மினிகளுக்கு எவ்வளவு போகிறது என்று யாரும் கேட்டதில்லை.

அந்தத் தானியம் எங்கிருந்து வரும்? பவுனு நாள் முழுக்க வயலில் பொறுக்கிப் பொறுக்கித் தானியக் குதிரில் சேர்த்துவைத்த நெல்லிலிருந்துதான். ஐப்பசி மழை பிடித்தால் ஓடை பொங்கிவிடும். வெளியே தலைகாட்ட முடியாது. அப்போது குதிரில் இருப்பதைத் தின்றுதான் குட்டிகள் உயிர் பிழைக்க வேண்டும். பவுனுக்கு அந்தக் கவலை ஒன்றுதான் எப்போதும்.

ஓர் அமாவாசையன்று கூலியை அளந்து கொடுத்துவிட்டுச் சடையன் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தான்.

"குடும்பம் நடத்துறியா, தீபாவளி கொண்டாடுறியா? இப்படி எரிச்சா குதிரு என்னத்துக்கு ஆகும்?"

பவுனுக்குப் பதில் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வாசலில் வரிசையாக மின்மினிகளைத் தொங்கவிட்டது யாராம்? வெயில் மண்டையைப் பிளக்கிற பட்டப்பகலிலும் அவற்றை அணைக்க விடாதது யாராம்? போகிற வருகிற முயலும் முள்ளம்பன்றியும் நின்று, "அடேங்கப்பா, சடையன் வீடு!" என்று வாயைப் பிளக்க வேண்டும். ஐயாவுக்கு அதில் ஓர் அற்ப சந்தோஷம்!

ஆனால் பவுனு வாயைத் திறக்கவில்லை. காரியத்தில் இறங்கினாள்.

ஓடையிலிருந்து வெள்ளை மண் எடுத்துவந்து சுவரெல்லாம் பூசினாள். ஒரு விளக்கின் வெளிச்சம் அறை முழுக்கப் பரவியது. மின்மினிகள் மேல் படிந்திருந்த புழுதியை ஈரத் துணியால் துடைத்துவிட்டாள். "அம்மாடி, இப்பத்தான் மூச்சு வருது!" என்றன அவை. தூர்ந்து கிடந்த கிழக்குப் பொந்தைத் தோண்டித் திறந்தாள். காலை வெயில் நேராகச் சமையலறைக்குள் வந்து விழுந்தது. மத்தியானம் வரைக்கும் அங்கே விளக்கே வேண்டியதில்லை.

குட்டிகளுக்கும் பாடம்தான்.

"எந்திரிச்சுப் போறப்போ விளக்க அணைச்சுட்டுப் போகணும். எல்லாரும் ஒண்ணா உக்காந்து ஒரே வெளிச்சத்துல சாப்பிடணும். தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது அம்மா!"

அடுத்த அமாவாசைக்குக் காக்கா வந்து தலையைச் சாய்த்துப் பார்த்தது.

"என்ன பவுனு, குடும்பத்தோட ஊருக்குப் போயிட்டீங்களா? கூலி பாதிதான் வருது!"

பவுனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மிச்சமான தானியம் குதிரில் இருக்கும், குட்டிகள் வயிற்றுக்கு ஆகும் என்று மனசுக்குள் குளிர்ந்துபோனாள்.

சடையன் மீசையை நீவிக்கொண்டான். "பாத்தியா! நான் ரெண்டு சத்தம் போட்டதுல எவ்வளவு மிச்சம்!" என்றான். அதோடு விட்டானா? "காக்கா, மிச்சமான கூலிக்கு வாசல்ல இன்னொரு வரிசை போட்டுடு!"

"என்னங்க, அது மழைக்கு வச்சது!"

"சும்மா கெட! நாலு பேரு மதிக்க வேண்டாமா?"

புது வரிசையும் இரவு பகலாக எரிந்தது. மறு அமாவாசைக்குக் கூலி பழையபடி ஏறிவிட்டது. சடையன் திரும்பவும் குதித்தான். எதைக் குறைக்கலாம் என்று வளை முழுக்கச் சுற்றிவந்தான். வாசல் பக்கம் மட்டும் அவன் தலை திரும்பவேயில்லை.

பின்னறையில், குதிருக்கு மேலே, ஒரே ஒரு நோஞ்சான் மின்மினி ஒட்டிக்கொண்டிருந்தது.

"இது எதுக்கு? குதிர்ல இருக்கிற நெல்லு ராத்திரி உக்காந்து படிக்கப் போகுதா?"

"தினமும் ஒரு தடவ பாத்துட்டு உடனே அணைச்சுடுவேங்க. குதிருக்கு மேல கூரை வெறும் மண்ணு. ஈரம் இறங்குதான்னு பாக்கணும். இந்த ஒண்ண மட்டும் விட்டுடுங்க. வேணும்னா சமையலறை விளக்க எடுத்துக்குங்க."

"ரெண்டையும் எடுக்கிறேன்!"

எடுத்தும் விட்டான்.

ஒருநாள் பவுனு மனசு கேட்காமல் வாசல் வரிசையிலிருந்து ஒரு மின்மினியைக் கழற்றிக்கொண்டு பின்னறைக்கு நடந்தாள். நேரம் பார்த்து முயல் வந்திருந்தது. சடையன் விருந்தாளி முன்னாலேயே கத்தினான்.

"பல்லு போன மாதிரி தெரியுது வாசல்! என் மானத்த வாங்கணும்னே பொறந்தியா?"

முயல் தலையைக் குனிந்துகொண்டது. பவுனு மின்மினியைக் கொண்டுபோய்ப் பழைய இடத்திலேயே மாட்டினாள்.

தூறல் தொடங்கியது. பவுனு இருட்டில் தடவித் தடவிக் குதிருக்குள் கைவிட்டுப் பார்த்தாள். கைக்கு எட்டிய பக்கம் காய்ந்துதான் இருந்தது. ஆனாலும் என்னவோ ஒரு முடை நாற்றம்.

"என்னங்க, உள்ள ஏதோ நாறுது. ஒரே ஒரு தடவ விளக்கு குடுங்க, பாத்துட்டுத் தந்துடுறேன்!"

"மழை நாள்ல மண்ணு நாறாம பூவா மணக்கும்? போய் வேலையப் பாரு!"

அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. ஓடை பொங்கி வளைவாசல் வரைக்கும் தண்ணீர் வந்து நின்றது. சடையன் குதிருக்குள் ஆழமாகக் கையை விட்டு அள்ளி, வெளிச்சத்துக்கு வந்து விரித்தான்.

கறுப்பாக, கொழகொழவென்று, பூஞ்சை பிடித்த சேறு!

பின்சுவர் வழியாக எப்போதோ ஈரம் இறங்கியிருக்கிறது. குதிர் முழுக்க அழுகிப்போயிருந்தது. முன்பக்கம் இருந்த இரண்டு கைப்பிடிதான் தேறியது.

அமாவாசையும் வந்தது, நனைந்த சிறகோடு காக்காவும் வந்தது. அளந்துவிடத் தானியம் இல்லை. காக்கா வாசல் வரிசை இரண்டையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. வளை முழுக்க இருட்டு.

அந்த இருட்டில் சடையன் பவுனு மேல் பாய்ந்தான்.

"வீட்டுல இருக்கிறவளுக்கு இதக்கூடப் பாக்கத் தெரியாதா? கண்ணு அவிஞ்சா போச்சு உனக்கு?"

"கண்ணு இருந்துச்சு," என்றாள் பவுனு. "விளக்குதான் இல்ல."

பவுனு தன் பங்கையும் குட்டிகளுக்கே கொடுத்தாள். அப்படியும் போதவில்லை. பசியில் கீச்சுக் கீச்சென்று கத்திக்கொண்டிருந்த கடைக்குட்டி, மழை விடுவதற்குள் கத்துவதை நிறுத்திவிட்டது.

வெயில் வந்ததும் முயல் துக்கம் கேட்க வந்தது. இருண்டு கிடந்த வாசலைப் பார்த்து, "எப்படி எரிஞ்ச வாசல்!" என்று உச்சுக் கொட்டியது. பவுனு புங்கமரத்தடியில் குழியை மூடிக்கொண்டிருந்தாள். அவள் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

தன் ஆடம்பரத்தில் கை வைக்காமல் அடுத்தவர் தேவையில் மட்டும் கை வைக்கிறவனின் சிக்கனம், கடைசியில் பெற்ற பிள்ளையின் வயிற்றில்தான் அடிக்கும்.