ஆமா போடுகிறவர்

மலையடிவாரத்தில் வடிவம்மை இருந்த இடத்தை மடம் என்பார்கள். ஓடு போட்ட இரண்டு அறை, ஒரு கிணறு, நாலைந்து எலுமிச்சை மரம். அவ்வளவுதான் மடம்.

வடிவம்மைக்கு நாற்பத்திரண்டு வயது. அவருடைய சீடர் சொரிமுத்துவுக்கு அறுபத்தொன்று. சொரிமுத்து அவரை அம்மா என்பார். அவர் சொரிமுத்துவை அண்ணாச்சி என்பார். இதில் இருவருக்கும் கூச்சம் இருந்ததில்லை.

சொரிமுத்து விவசாயி. ஊர்க் கோயில் கொடையில் வில்லுப்பாட்டு நடந்தால் குடம் அடிக்க உட்காருவார். பாடுகிறவர் ஒரு வரி சொல்லி நிறுத்தும்போது இவர் "ஆமா" போட வேண்டும். இவர் ஆமா போட்டால் கதை தானாக நடக்கும் என்று வில்லுக்காரர்கள் சொல்வார்கள்.

ஒரு நாள் காலையில் அவர் மடத்துக்கு வந்தார். தோளில் துண்டு இல்லை. கையில் ஒரு காகிதம் இருந்தது.

"போலீஸ்காரர் வந்து குடுத்துட்டுப் போறாரு அம்மா."

"உக்காருங்க அண்ணாச்சி."

அவர் உட்காரவில்லை.

"என்னை எதிரின்னு போட்டிருக்கு. எதிரி, சொரிமுத்து. யாருக்கு அம்மா நான் எதிரி? சர்க்காருக்கா?"

"வழக்குன்னா எதுத்தாப்புல ஒருத்தர் நிக்கணும். நிக்குத இடத்துக்கு அந்தப் பேரு. உங்க பேரு சொரிமுத்துதான். தண்ணி குடிங்க."

குடித்தார். பாதி வேட்டியில் சிந்தியது.

பிறகு விஷயத்தைச் சொன்னார். பக்கத்துத் தோட்டக்காரர் பரமசிவத்தின் ஏத்தன் வாழைகளை ராத்திரியோடு ராத்திரியாக யாரோ வெட்டிச் சாய்த்துவிட்டார்கள். எல்லாம் குலை தள்ளிய வாழை. போன வாரம்தான் மடைத் தண்ணீருக்காகச் சொரிமுத்துவும் பரமசிவமும் ஊர் பார்க்கச் சண்டை போட்டிருந்தார்கள். பரமசிவம் நேராக ஸ்டேஷனுக்குப் போய் ஒரே ஒரு பெயரைச் சொல்லிவிட்டார். நாளைக் காலை பத்து மணிக்குச் சொரிமுத்து அங்கே இருக்க வேண்டும்.

வாழையைச் சொரிமுத்து வெட்டவில்லை. வடிவம்மைக்கு அது தெரியும். ஆனாலும் கேட்டார்.

"வெட்டினீகளா?"

"ஐயோ, பிள்ளை மாதிரி நிக்கும் அம்மா குலை தள்ளின வாழை. அதைப் போய் வெட்டுவனா?"

"சரி."

"பாளையங்கோட்டைக்கு அனுப்பிருவாகளா? இந்த வயசுல ஜெயில்ல போய்க் கிடந்தா, திரும்பி வந்து நான் தெருவுல நடக்க முடியுமா?"

வடிவம்மை காலிச் செம்பை எடுத்து வைத்தார்.

"மச்சினன் பம்பாயில இருக்கான். போயிரட்டா? கொஞ்ச நாள் கழிச்சு எல்லாம் ஆறிரும்லா?"

"பரமசிவம் தோட்டத்துக்குள்ள உங்க காலடி கிடக்கா?"

"நான் மிதிக்கவே இல்லையே."

"ரயில் ஏறினா, அந்தத் தோட்டத்துல இருந்து பம்பாய் வரைக்கும் கிடக்கும்."

சொரிமுத்து இப்போது உட்கார்ந்தார்.

"வக்கீல் வைக்கச் சொல்லுதான் என் தம்பி. தப்பு செஞ்சவன்தானே அம்மா வக்கீல் வைப்பான்? வச்சா, 'பாத்தியா, சொரிமுத்து பயந்துட்டான்'னு ஊரு சொல்லாதா?"

வடிவம்மை முற்றத்தைக் காட்டினார். அங்கே ஒரு விறகுக் கட்டு கிடந்தது.

"அதைத் தலையில வச்சு அடுக்களைக்குக் கொண்டு போங்க."

சொரிமுத்து போய்த் தூக்கினார். கட்டு இடுப்பு வரை வந்தது. அதற்கு மேல் வரவில்லை.

"ஒரு கை பிடிச்சு ஏத்தி விடுங்க அம்மா."

"களவாண்ட விறகா அது?"

"என்னது?"

"ஏத்தி விட ஆள் கூப்பிடுதீகளே."

சொரிமுத்து கட்டைக் கீழே போட்டார்.

"டவுன்ல ஞானதுரைன்னு ஒரு வக்கீல் இருக்காரு. இன்னைக்கே போய்ப் பாருங்க. எனக்குச் சட்டம் தெரியாது" என்றார் வடிவம்மை.

"பாக்கேன். ஆனா எனக்கு ஒண்ணு விளங்கலை. நான் வெட்டலை. உள்ளதை உள்ளபடி சொல்லப் போறேன். அதுல தப்பு வர என்ன இருக்கு?"

வடிவம்மை அவர் எதிரே உட்கார்ந்தார்.

"ஒரு கதை சொல்லுதேன், கேளுங்க."

"இப்பவா அம்மா?"

"இப்பத்தான்."

சொரிமுத்து சுவரில் சாய்ந்து கொண்டார். கதை என்றதும் முகம் கொஞ்சம் தெளிந்தது.

"ஒரு ஊர்ல ஒரு விவசாயி இருந்தாரு."

"ஆமா."

"பக்கத்துத் தோட்டக்காரன் மடையை அடைச்சுப் போட்டான்."

"ஆமா."

"பயிர் வாடுது. பெத்த வயிறு எரியுத மாதிரி எரியுது."

"ஆமா, எரியும்லா."

"அன்னைக்கு அவருக்கு உறக்கமே வரலை."

"ஆமா."

"எந்திரிச்சு வெளியே வந்தாரு. நிலா வெளிச்சம்."

"ஆமா."

"கொட்டகையில அரிவாள் இருந்துச்சு. எடுத்தாரு."

"ஆமா."

"போனாரு. வெட்டினாரு."

"ஆமா."

வடிவம்மை நிறுத்தினார். சொரிமுத்து அடுத்த வரிக்குக் காத்திருந்தார். அடுத்த வரி வரவில்லை. அப்போதுதான் தன் வாயிலிருந்து வந்தது அவர் காதில் விழுந்தது.

"நான் வெட்டலை அம்மா!"

"இப்பத்தானே ஆமான்னீக."

"அது... நீங்க கதை சொன்னீக. நான் கதைக்கு ஆமா போட்டேன்."

"அங்கேயும் கதைதான் சொல்லுவாக."

கிணற்றுப் பக்கம் ஒரு காகம் கத்தியது. சொரிமுத்துவுக்கு நெற்றி வேர்த்தது.

"அப்ப நான் வாயைத் திறக்காம இருக்கணுமா? மௌனம் சம்மதம்னு சொல்லுவாகளே. பேசாம இருந்தாலும் ஒத்துக்கிட்டதாத்தானே ஆகும்?"

"அது பொண்ணு கேக்கப் போன வீட்டுல அண்ணாச்சி. ஸ்டேஷன்ல இல்லை."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. வடிவம்மை இன்னொரு கதை தொடங்கினார். சொரிமுத்து வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார். நாலாவது வரியில் விரலிடுக்கு வழியாக "ஆமா" வந்துவிட்டது.

"இது என் வாயே இல்லை போலிருக்கு அம்மா."

"வக்கீலைப் பாத்துட்டு வீட்டுக்குப் போங்க. நாளைக்கு எவ்வளவு வெயில் ஆனாலும் இங்க வந்துட்டுப் போங்க."

மறுநாள் பத்து மணிக்கு முன்பே சொரிமுத்து ஸ்டேஷன் வாசலில் நின்றார். கூடவே வக்கீல் ஞானதுரை நின்றார். முப்பது வயது இருக்கும்.

"பெரியப்பா, தெரிஞ்சதை மட்டும் சொல்லுங்க. தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லுங்க. எதுலயும் கையெழுத்துப் போடாதீங்க. கேக்குறது புரியலைன்னா என்னைக் கூப்பிடணும்னு சொல்லுங்க. இந்த பெஞ்சுலதான் இருப்பேன்."

"நீங்களும் உள்ளே வாங்களேன் தம்பி."

"கேட்டுப் பாத்துட்டேன். கண்ணுல படுற தூரத்துல உக்காரச் சொல்லியிருக்காங்க."

உள்ளே ஒரு போலீஸ்காரர் சொரிமுத்துவை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ன பெரியவரே, வாழையைச் சாய்க்குறதுக்கு இந்த உடம்பு போதுமா? இல்ல ஆள் வச்சிருந்தீரா?"

இன்னொருவர் சிரித்தார். சொரிமுத்து செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். கம்பி போட்ட அறை ஒன்று எதிரே இருந்தது. அதற்கு வெளியே ஒரு ஜோடி செருப்பு கிடந்தது. உள்ளே யார் என்று அவர் பார்க்கவில்லை. செருப்பை மட்டும் பார்த்தார். வாரறுந்து ஊக்கு குத்திய செருப்பு. அவருடையதும் அப்படித்தான்.

இன்ஸ்பெக்டர் கூப்பிட்டார். நாற்காலி காட்டினார். டீ வரவழைத்தார். அடிப்பார்கள் என்று நினைத்து வந்தவருக்கு, டீயைப் பார்த்ததும் பயம் கூடியது.

"குடிங்க ஐயா. நான் ஒண்ணும் பண்ண மாட்டேன். உங்களை விசாரிச்சேன். நல்ல மனுஷன்னு ஊரே சொல்லுது."

வாய்க்குள் ஆமா புரண்டது. சொரிமுத்து டீயை விழுங்கினார்.

"பரமசிவம் மடையை அடைச்சது தப்புதான்."

அது உண்மை.

"'உன் வாழை எப்படி நிக்குன்னு பாப்போம்'னு நீங்க சொன்னதும் கோவத்துலதான்."

அதுவும் உண்மை. அப்படிச் சொல்லியிருந்தார். நாலு பேர் கேட்டிருந்தார்கள்.

இன்ஸ்பெக்டருக்கு நல்ல குரல். எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்தினார். நிறுத்திய இடங்களில் எல்லாம் சொரிமுத்துவின் வலது கை தொடையில் லேசாகத் தட்டியது. குடம் அடிக்கிற கை. அவர் அதை இடது கையால் பிடித்துக்கொண்டார்.

"வாழை சாஞ்ச அன்னைக்கு ராத்திரி உங்களுக்குத் தூக்கம் வரலை. எந்திரிச்சு வெளியே வந்தீங்க. உங்க எதிர்வீட்டுக்காரர் பாத்திருக்கார்."

அதுவும் உண்மை. கன்றுக்குட்டி அவிழ்ந்து போயிருந்தது. கட்டப் போனார்.

"அரிவாள் கொட்டகையிலதான் இருந்துச்சு."

உண்மை. எப்போதும் அங்கேதான் இருக்கும்.

சொரிமுத்துவுக்குத் தலை சுற்றியது. ஒன்றுகூடப் பொய் இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஆமா சொல்லலாம். சொல்வதுதான் மரியாதை. பெரிய அதிகாரி எதிரே இருந்து தன்மையாகப் பேசும்போது கல் மாதிரி உட்கார்ந்திருப்பது அவருக்குப் பழக்கமில்லை. படி ஒவ்வொன்றும் உறுதியாக இருந்தது. ஏறி முடிக்கிற இடத்தில்தான் வாழை வெட்டிக் கிடந்தது.

"எடுத்துட்டுப் போனீங்க. ஒரு கோவம். யாருக்குத்தான் கோவம் வராது? சொல்லிட்டா மனசு லேசாயிடும். பரமசிவத்தைக் கூப்பிட்டு நானே பேசி முடிச்சு விடுறேன். அப்படித்தானே ஐயா?"

நிறுத்தினார்.

மின்விசிறிச் சத்தம் கேட்டது. வாசல் பெஞ்சில் ஞானதுரை எழுந்து நின்றது தெரிந்தது.

"வாழையை நான் வெட்டலைங்க ஐயா" என்றார் சொரிமுத்து. "அந்தத் தோட்டத்துக்குள்ள நான் போகலை. மிச்சத்துக்கு எங்க வக்கீல்கிட்ட பேசிட்டுத்தான் பதில் சொல்லுவேன்."

இன்ஸ்பெக்டர் நாற்காலியில் சாய்ந்தார். முகத்தில் இருந்த தன்மை கொஞ்சம் விலகியது.

"யார் சொல்லிக் குடுத்தது இதெல்லாம்?"

சொரிமுத்து வலது கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"செய்யாதவர்னா ஏன் இப்படி உக்காந்திருக்கீங்க? பயமா இருக்கா?"

"ஆமா" என்றார் சொரிமுத்து.

இன்ஸ்பெக்டர் டீத் தம்ளரை ஓரமாக நகர்த்தி வைத்தார். பிறகு ஞானதுரையை உள்ளே வரச் சொன்னார். எழுத வேண்டியதை அவரை வைத்துக்கொண்டே எழுதினார். கூப்பிட்டால் வர வேண்டும், ஊரைவிட்டுப் போகக் கூடாது என்று சொல்லி அனுப்பினார். வழக்கு முடியவில்லை. ஆனால் அன்றைக்குக் கம்பிக்கு உள்ளே போகவில்லை.

உச்சி வெயிலில் சொரிமுத்து மடத்துக்கு வந்தார். கிணற்றில் நீர் இறைத்து முகத்தில் அடித்துக்கொண்டார். சுவரோரம் உட்கார்ந்து நடந்ததை எல்லாம் சொன்னார். வடிவம்மை எலுமிச்சம்பழத்தை நறுக்கிப் பிழிந்து உப்புப் போட்டுக் கொடுத்தார். சொரிமுத்து ஒரே மூச்சில் குடித்தார்.

"வக்கீல் கெட்டிக்காரர் அம்மா. வழக்கு நிக்காதுன்னு சொல்லுதாரு."

"நல்லது."

"வர வழியெல்லாம் யோசிச்சேன். இது யார் வேலைன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு."

வடிவம்மை எலுமிச்சைத் தோலைக் கூட்டி ஒரு பக்கம் வைத்தார்.

"பரமசிவம் மருமகன் இருக்கானே, செல்லப்பாண்டி. தோட்டத்தைத் தன் பேருக்கு எழுதிக் கேட்டான். பரமசிவம் குடுக்கலை. சந்தையில வச்சே ரெண்டு பேருக்கும் வாய்த்தகராறு."

வடிவம்மை ஆமா போடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு அவன் ஊர்லதான் இருந்தான். நானே டீக்கடையில பாத்தேன்."

"..."

"கொல்லன்கிட்ட அரிவாள் தீட்டினான். கொல்லனே சொன்னான்."

"..."

"விடியக்காலம் முத பஸ்ஸுல அவசரமா ஏறிப் போயிருக்கான். இது போதாதா? நாளைக்கே போய் இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லப் போறேன். போனான், வெட்டினான். அவன்தான் அம்மா."

வடிவம்மை கேட்டார்.

"வெட்டினதைப் பாத்தீகளா அண்ணாச்சி?"

சொரிமுத்து வாயைத் திறந்தார். கை தம்ளரைத் தரையில் வைத்தது. போனான், வெட்டினான் என்று தான் சொன்னது இப்போதுதான் அவர் காதில் விழுந்தது.