வளையும் முள்

பொலிக்கார்ப்புக்கு ஐம்பத்தெட்டு வயது. லில்லிபாய்க்கு நாற்பது ஆகியிருக்கும். இதில் சீடர் பொலிக்கார்ப்.

வளைகுடாவில் வெல்டராக இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர். திரும்பிய நாளிலிருந்து அவர் கை சும்மா இருக்கவில்லை. நன்றாக இருந்த கேட்டைக் கழற்றி மறுபடி மாட்டினார். டிவியைப் போட்டார், அணைத்தார். கடற்கரை வரை நடந்துபோய், உட்கார இடம் பார்த்து, உட்காராமல் திரும்பி வந்தார்.

லில்லிபாய் தன் வீட்டுப் பின்முற்றத்தில் ஈயத்தை உருக்கித் தூண்டில் மீன் செய்கிறவள். விரல் நீளத்துக்கு ஒரு ஈய மீன், அதன் வாலில் ஒரு முள். கடைக்காரர்கள் ஜிக் என்பார்கள். நைலான் நரம்பில் கட்டி எறிந்து, வெட்டி வெட்டி இழுத்தால், பெரிய மீன் அதைக் குஞ்சு என்று நம்பிக் கவ்வும்.

ஒரு காலையில் பொலிக்கார்ப் அவள் முற்றத்தில் வந்து நின்றார்.

"இதை எனக்குச் சொல்லித் தருவியா?"

"எதுக்கு அண்ணே? கேட்டா செஞ்சதே தருவேன்லா."

"செஞ்சது வேண்டாம். செய்யணும்."

"விக்கவா?"

"இல்ல. கை நிக்க மாட்டேங்குது."

லில்லிபாய் அவர் கையைப் பார்த்தாள். அது பேசும்போதே வேலிக் கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தது.

"வேலியை விட்டுட்டு அடுப்பைப் பத்த வையுங்க" என்றாள்.

அன்றிலிருந்து அவர் அவளை ஆசானே என்று கூப்பிட்டார். முதலில் கேலியாக. பிறகு கேலி போய், கூப்பிடுவது மட்டும் நிலைத்தது.

டீக்கடையில் கேட்டார்கள்: "என்னவோய், பொம்பளைக்கிட்ட பாடம் படிக்கீராமே?"

"ஆமா. நீரும் வாரும். உம்ம மண்டையையும் உருக்கி அச்சுல ஊத்திப் பாப்போம்."

அச்சு இரண்டு பாதியாக இருக்கும். உள்ளே முள்ளை வைத்து மூடி, மேல் துளை வழியாக ஈயத்தை ஊற்ற வேண்டும். பொலிக்கார்ப் ஊற்றினார். திறந்தார். மீனுக்குத் தலை இருந்தது. வால் இல்லை.

லில்லிபாய் அதை எடுத்துச் சட்டியிலேயே திரும்பப் போட்டாள்.

அடுத்ததற்கும் வால் இல்லை. அதையும் போட்டாள்.

"அச்சு சரியில்ல" என்றார்.

"அச்சு சரிதான். இன்னும் சூடேறல. ரெண்டு மூணு கெட்டாத்தான் அதுக்குச் சூடு பிடிக்கும்."

"நான் ஒட்டினது எதுவும் கெட்டதில்ல."

"அதான் ஊரெல்லாம் சொல்லுதே. ஊத்துங்க."

ஊற்றினார். எழுந்தார். கிணற்றடி வரை போய் வந்தார். திறந்தார். மீன் முழுசாக இருந்தது. பொலிக்கார்ப் அதைச் சந்தோஷமாகப் பார்த்தது கொஞ்ச நேரம்தான். பிறகு வேலிக்கு வெளியே பார்த்தார்.

வெளியே ஒன்றும் இல்லை. அவர் மகனின் பைக் போகும் சத்தம் கேட்டது, அவ்வளவுதான்.

ஊருக்கே தெரிந்த விஷயம் அது. திங்கட்கிழமை அவர் மகன் டன்ஸ்டனுக்குக் கல்யாணம். பெண் அஜிதா, புருஷனைக் கடலில் இழந்தவள். நாலு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். கோயிலில் சாமியார் கல்யாண ஓலை வாசித்து ஊருக்கு அறிவித்தாயிற்று. பொலிக்கார்ப் வரமாட்டேன் என்றுவிட்டார். "நீங்க வரலன்னா, அப்புறம் நான் இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்று டன்ஸ்டன் சொல்லிவிட்டான். சொன்ன வார்த்தையை மாற்றுகிற பழக்கம் அந்த வீட்டில் யாருக்கும் இல்லை. இதை அவனுக்குப் பழக்கியதே பொலிக்கார்ப்தான்.

சந்தையில் ஒரு நாள் டன்ஸ்டன் அந்தக் குழந்தையைத் தோளில் உட்காரவைத்துக்கொண்டு வந்தான். குழந்தை அவன் தலைமுடியைக் கடிவாளம் மாதிரிப் பிடித்திருந்தது. பொலிக்கார்ப் வேறு சந்தில் திரும்பிப் போனார். வாங்க வந்த மீனை வாங்கவில்லை.

"ஆசானே" என்றார் இப்போது.

"சொல்லுங்க."

"மகன் அப்பன் சொல்லைக் கேக்காட்டி என்ன செய்யணும்?"

லில்லிபாய் முள் டப்பாவைத் திறந்தாள். ஒரு முள்ளை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"இதை நிமித்துங்க."

குறட்டால் பிடித்து லேசாக இழுத்தார். முள் நிமிர்ந்துவிட்டது.

"என்னது இது! வெண்ணெய்ல செஞ்ச முள்ளா?"

"கம்பியிலதான் செஞ்சது. நான்தான் பாத்து வாங்குவேன்."

"பாத்தா வாங்கினே? இவ்வளவு நாளா இதைத்தான் ஊருக்கே வித்துக்கிட்டு இருக்கியா?"

"ஆமா."

"பெரிய மீன் பிடிச்சா?"

"சிலது போவும்."

"நான் கேட்டதுக்கு இதா பதில்?"

"அடுப்பு அணையுது பாருங்க" என்றாள்.

பொலிக்கார்ப் அன்றைக்கு அதற்கு மேல் அங்கே நிற்கவில்லை. துறைமுகத்துக்குப் போய்ச் சுறாத் தூண்டில் முள் வாங்கினார். பேனாவை விடத் தடிமன். சுறாவுக்குப் போடுகிற நரம்பும் வாங்கினார். சொந்தமாக ஒரு அச்சு செய்து, வீட்டிலேயே ஈயத்தை உருக்கி ஊற்றினார். நரம்பு கட்டும் வளையத்தை முள்ளோடு சேர்த்துப் பற்றவைத்தார். மனைவி சலேத் வாசலில் நின்று, "நாளானிக்குக் கல்யாணம். மகன் சட்டை தைக்கக் குடுத்தது வந்துட்டா, இல்லியான்னாவது கேளும்" என்றாள். பொலிக்கார்ப் கண்ணாடியை இறக்கி முகத்தை மூடிக்கொண்டு தீப்பொறி பறக்க ஒட்டிக்கொண்டிருந்தார்.

ஞாயிறு சாயங்காலம் பொலிக்கார்ப்பும் லில்லிபாயும் கடலுக்குள் நீண்டுகிடக்கும் கல்வரிசைக்குப் போனார்கள். அங்கே பாறை இடுக்கில் கலவா மீன் கிடக்கும். பாறையை ஒட்டி இழுத்தால்தான் கடிக்கும். ஒட்டி இழுத்தால் பாறையிலும் மாட்டும்.

லில்லிபாய் எறிந்தாள். கொஞ்ச நேரத்தில் மாட்டிக்கொண்டது. அவள் நரம்பை நேராகப் பிடித்து, பதறாமல் இழுத்தாள். ஒரு சின்ன அசைவு. ஈய மீன் தண்ணீரிலிருந்து வெளியே வந்தது. முள் நிமிர்ந்திருந்தது. குறட்டால் அதை மறுபடி வளைத்தாள். எறிந்தாள்.

"இப்படியே எத்தனை தடவை வளைப்பே?"

"ஒடியுறது வரைக்கும்."

"ஒடிஞ்சா?"

"ஈயம் எங்கிட்டதான இருக்கும். உருக்கி வேற முள்ளு வைப்பேன்."

பொலிக்கார்ப் சிரித்தார். தன்னுடையதை எறிந்தார். இரண்டு தடவை காலியாக வந்தது. மூன்றாவது தடவை பிடித்துக்கொண்டது.

"மீனு!" என்றார்.

"பாறை" என்றாள்.

"இழுக்குது!"

"நீங்கதான் இழுக்குதிய. அது நிக்குது."

பொலிக்கார்ப் நரம்பைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றினார். இன்னொரு சுற்று. குதிகாலைக் கல்லில் ஊன்றிச் சாய்ந்தார். முள் வளையவில்லை. வளையம் விடவில்லை. நரம்பு அறவில்லை. ஓர் அலை வந்து கல்லை நனைத்தது. கால் வழுக்கியது. அவர் உடம்புப் பாரம் முழுவதும் அந்த நரம்பில் தொங்கியது.

அவர் கத்தவில்லை. லில்லிபாய்தான் கத்தினாள். கத்திக்கொண்டே பாய்ந்து வந்து, மீன் வெட்டும் கத்தியால் நரம்பை அறுத்தாள்.

பொலிக்கார்ப் கல்லில் விழுந்து உட்கார்ந்தார். உள்ளங்கையில் ஈரமாக, ஆழமாக ஒரு கோடு.

"எதுக்கு அறுத்தே? இன்னும் ஒரு இழுப்புல வந்திருக்கும்!"

"எது? பாறையா?"

"என் மீனு!"

"அது உங்க மீனு இல்ல. பாறைக்குக் குடுத்தாச்சு." அவள் முந்தானையைக் கிழித்து அவர் கையைச் சுற்றினாள். "விரலை மடக்குங்க. மடங்குதா?"

மடங்கியது. அவர் விரல்களைப் பார்க்காமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.  வீடு திரும்பும் வழியில் மூன்று இடத்தில் நின்று, மூன்று இடத்திலும் ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டு நடந்தார்.

திங்கட்கிழமை காலை லில்லிபாய் பட்டுச் சேலை கட்டி, தலையில் பிச்சிப்பூ வைத்துக்கொண்டிருந்தாள். பின்முற்றத்தில் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தாள்.

பொலிக்கார்ப் அடுப்பைப் பற்றவைத்து, ஒற்றைக் கையால் ஈயத்தைக் கிளறிக்கொண்டிருந்தார். லுங்கி, பழைய பனியன், கட்டுப் போட்ட கை.

"அண்ணே, கோயில்ல முதல் மணி அடிச்சாச்சு."

"கேட்டுது."

"சலேத் மதினி?"

"போயிட்டா. நான் வராட்டித் தனியாப் போவேன்னா. போயிட்டா."

தான் கொண்டுவந்திருந்த புது அச்சைத் திறந்தார். ஒரு மீன் விழுந்தது. நேற்றையதை விடப் பெரியது. முள் நேற்றையதை விடத் தடிமன். ஆறுவதற்குள் நல்ல கையால் எடுத்து, தூக்கிப் போட்டுப் பிடித்து ஊதி, அவளிடம் நீட்டினார்.

"பாரு, ஆசானே. இது ஒடியாது. நிமிராது. விடாது."

லில்லிபாய் சேலையை ஒதுக்கிக்கொண்டு அடுப்பின் முன் குந்தினாள். மீனை வாங்கித் திருப்பிப் பார்த்தாள்.

"நல்ல வேலை" என்றாள்.

"பின்ன?"

"இதுல வளையுற எடம் எது?"

"கிடையாது. அப்படித்தான் செஞ்சிருக்கேன்."

"பாறை பிடிச்சா எது விடும்?"

பொலிக்கார்ப் யோசித்தார். முள் விடாது. வளையம் விடாது. நரம்பும் விடாது. அவர் கண் கட்டுப் போட்ட கையில் வந்து நின்றது. உடனே எடுத்துவிட்டார். எழுந்தார். வேலி வரை போனார். திரும்பி வந்தார். மறுபடி போனார்.

"அவன்லா வளையணும்!" என்றார் அங்கிருந்தே. "சின்னவன் அவன்தான? நான் பெத்தவன். நான் போய் நிக்கவா? பிள்ளையோட வாறவளுக்கு மாமனாரா நான் போய் முன்வரிசையில நிக்கவா? நாலு பேரு சிரிக்க மாட்டானா?"

"சிரிப்பான்."

"பெறவு?"

"எனக்கு அப்பன் எந்த முனை, மகன் எந்த முனைன்னு தெரியாது அண்ணே. ரத்தம் எந்த முனையில வருதுன்னு தெரியும்."

இரண்டாம் மணி அடித்தது. காற்று அந்தப் பக்கம் இருந்ததால் பாட்டுச் சத்தமும் கேட்டது. சட்டியில் ஈயம் அசையாமல் பளபளவென்று கிடந்தது. மேலே மெல்லிய தோல் பிடிக்க ஆரம்பித்தது.

பொலிக்கார்ப் வேலியருகே நின்றார். இந்த முறை கை எதையும் முறுக்கவில்லை.   லில்லிபாய் சட்டியை இறக்கி மணலில் வைத்தாள்.

"இந்தப் பனியனோடயா போவ?" என்றார் கடைசியில். 

"எங்க வீட்டுக்காரரு சட்டை கொடியில கிடக்கு. கொஞ்சம் இறுக்கமா இருக்கும், பரவால்ல."

அவர் கொடியை நோக்கி நடந்தார். சட்டையை எடுக்கக் கை நீட்டினார்.

"அண்ணே, நில்லுங்க" என்றாள் லில்லிபாய். "சோப்பு அந்தா தொட்டி மேல இருக்கு. அந்த ஒத்தக் கையையாவது நல்லாத் தேச்சுக் கழுவுங்க. ஈயம் தொட்ட கை. அங்க ஒரு சின்னப் பிள்ளை நிக்கும்."